ஊசிக்குப் பிறகு வந்ததா, ஊசியால் வந்ததா: இழப்பீட்டு மனுவில் எது நிற்கும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"ஊசி போட்டார், மூன்றே வாரத்தில் கால் விளங்காமல் படுத்துவிட்டார். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?" சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் இழப்பீட்டுப் பேச்சு வந்தால் முதலில் எழுகிற கேள்வி இது. கேட்பதில் தப்பில்லை. ஆனால் மனுவைப் பார்க்கிற மருத்துவக் குழு இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாது. எதைத்தான் எடுத்துக்கொள்ளும் என்று நம்மவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அதனால் வேண்டிய காகிதத்தை விட்டுவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளை அச்செடுத்துக் கோப்பில் கட்டிக்கொண்டு போகிறார்கள். தடுப்பூசி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு நாங்கள் வரவில்லை. போடத்தான் வேண்டும். ஊருக்காகப் போட்டுக்கொண்டதில் அரிதாக ஒருவர் விழுந்தால் அவரைத் தாங்குவது ஊரின் கடன் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

கில்லன்-பாரே நோயையே எடுத்துக்கொள்வோம். கிருமியைத் தாக்க வேண்டிய உடலின் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் சொந்த நரம்பின் உறையைத் தாக்கிவிடுகிறது. பாதத்தில் மதமதப்பு தொடங்கும், படி ஏற முடியாது, சில நாளில் இரண்டு கால்களும் துவண்டுவிடும். முற்றினால் மூச்சுத் தசை வரைக்கும் போகும். எந்தத் தடுப்பூசியும் போடாத ஊரிலும் ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு இது வந்துகொண்டுதான் இருக்கிறது. நம் மலேசியாவின் மக்கள்தொகை 3 கோடியே 30 லட்சம் என்று வைத்தால் ஆண்டுக்கு 330 முதல் 660 பேர். நாட்டில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நாளில் வெறும் உப்புத் தண்ணீரை ஊசியாகப் போட்டிருந்தாலும், அடுத்த ஆறு வாரத்துக்குள் ஏறக்குறைய 40 முதல் 75 பேர் கில்லன்-பாரே வந்து படுத்திருப்பார்கள். அந்த 75 குடும்பமும் "ஊசிக்குப் பிறகுதான் வந்தது" என்று சத்தியம் செய்யும். பொய்யும் இல்லை. மருத்துவக் குழு வெறும் தேதிப் பொருத்தத்தை நம்பாததற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி மனு புரிந்துவிடும். 1976-ல் அமெரிக்காவில் போட்ட பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி, போட்டவர்களில் லட்சத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் கூடுதலாகக் கில்லன்-பாரேயைக் கொண்டுவந்தது. அதாவது பத்து லட்சம் பேருக்குப் பத்துப் பேர். ஆறு வாரத்தில் தானாக வருவது பத்து லட்சத்துக்கு ஒன்றோ இரண்டோதான். ஆகவே அந்த ஊசிக்குப் பின் ஆறு வாரத்துக்குள் விழுந்த ஒருவரைக் காட்டினால், பத்தில் எட்டுக்கு மேல் ஊசிதான் காரணம் என்று சொல்லிவிடலாம். இப்போது ஆண்டுதோறும் போடும் ஃபுளூ ஊசி அப்படியில்லை. அதனால் கூடுதலாக வருவது, வந்தாலும், பத்து லட்சத்துக்கு ஒன்று இரண்டுதான். தானாக வருவதும் அதே ஒன்று இரண்டு. தராசு சரிசமமாக நிற்கிறது. இழப்பீட்டு விவகாரங்களில் பொதுவாகக் கேட்பது "பாதிக்கு மேல் சாத்தியம் உண்டா" என்பதுதான். சரிசமமாக நிற்கிற தராசை ஒரு பக்கம் சாய்ப்பது அந்த ஒரு நோயாளியின் கோப்பில் உள்ள பரிசோதனைச் சீட்டுகள்தான்.

அந்தச் சீட்டுகளில் பாதி, ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் இரண்டு நாளில் எடுத்தால்தான் உண்டு, பிறகு கிடைக்காது. கில்லன்-பாரேக்குக் கொடுக்கும் முக்கியமான மருந்து இம்யூனோகுளோபுலின். உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள் ஏற்றுவார்கள், 60 கிலோ ஆளுக்கு மொத்தம் 120 கிராம். ஆயிரக்கணக்கானோர் தானமாகக் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம் அது. ஏற்றிய பிறகு ரத்தத்தில் எந்தக் கிருமிக்கு எதிர்ப்பு இருக்கிறது என்று சோதித்தால், நோயாளியுடையது எது, தானம் கொடுத்தவர்களுடையது எது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆகவே முதல் பாட்டில் ஏறுவதற்கு முன் ஒரு குழாய் ரத்தம் தனியே எடுத்து, சீரம் பிரித்து உறையவைத்து எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் கேட்பதற்காகச் சிகிச்சையை ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போட வேண்டாம். உயிர் முதலில்.

முதுகுத் தண்டில் நீர் எடுத்துப் பார்ப்பதற்குப் பல குடும்பங்கள் கையெழுத்துப் போட மறுக்கின்றன. "முதுகில் ஊசி குத்தினால் ஆள் முடமாகிவிடும்" என்ற பயம் இன்னும் போகவில்லை. அந்தச் சோதனை இல்லாமல் நோயின் பெயர் உறுதியாவதே சிரமம், நோயின் பெயரே உறுதியாகாத மனு முதல் மேசையைத் தாண்டாது. தண்டுவட நீரில் புரதம் கூடியிருக்க வேண்டும், வெள்ளை அணு கூடியிருக்கக் கூடாது. முதல் வாரத்தில் எடுத்தால் பலருக்குப் புரதம் இயல்பாகவே இருக்கும், அதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. நரம்பு மின்னோட்டச் சோதனையும் இப்படித்தான். முதல் சில நாளில் ஒன்றும் காட்டாமல், இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுத்தால் தெளிவாகக் காட்டும். சிறிய ஆஸ்பத்திரியிலிருந்து ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு மாற்றும்போது முதல் சோதனை ஓரிடத்திலும் இரண்டாவது சோதனை வேறிடத்திலும் தங்கிவிடும். இரண்டு முடிவுகளையும் ஒரே கோப்பில் சேர்ப்பது குடும்பத்தின் வேலை, உங்களுக்காக யாரும் சேர்த்து வைக்கமாட்டார்கள்.

அடுத்தது மாற்றுக் காரணம். மனுக்கள் அதிகம் சரிவது இங்கேதான். கில்லன்-பாரே வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அதற்கு முந்தைய ஆறு வாரத்துக்குள் ஏதாவது ஒரு தொற்று இருந்திருக்கும். முதல் சந்தேகம் காம்பிலோபாக்டர் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியின் மேல். சரியாக வேகாத கோழியில் வருவது. டெங்கி, ஸிக்கா, சாதாரண சளிக்காய்ச்சல் எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். "வயிற்றால் போனதா?" என்று டாக்டர் கேட்டால் "இல்லை" என்று சொல்லிவிட்டால் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த வாரம் டவுன் கிளினிக்கில் வாங்கிய எம்சி என்ற மருத்துவ விடுப்புச் சீட்டில் வயிற்றுப்போக்கு என்று எழுதியிருக்கும். அது தோட்ட ஆபீஸ் கிராணியின் கோப்பில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். பின்னால் அது வெளியே வந்தால் மனுவில் சொன்ன மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்குள்ளாகும். இருந்ததைச் சொல்லிவிட்டு, மலச் சோதனையும் டெங்கிச் சோதனையும் எடுக்கச் சொல்வதுதான் புத்தி. சோதனையில் கிருமி இல்லை என்று வந்தால் தராசு உங்கள் பக்கம் சாய்கிறது. சோதனையே எடுக்காவிட்டால் சந்தேகம் அப்படியே நிற்கும்.

நம் தோட்டங்களுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். பூச்சிமருந்து அடிக்கிறவருக்குக் கால் விளங்காமல் போனால், ஆர்கனோபாஸ்பேட் வகை விஷமா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த வகை மருந்துகளில் சில, உடம்பில் பட்டு ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து நரம்பைக் கெடுக்கும், பாதத்திலிருந்து மேலே ஏறும், பார்வைக்குக் கில்லன்-பாரே போலவே இருக்கும். ஊசி போட்ட மாதத்தில் என்ன மருந்து, எத்தனை நாள், கையுறை இருந்ததா என்று எழுதிக் கொடுங்கள். டப்பாவின் லேபிளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. மருந்துதான் காரணம் என்று தெரியவந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. அது தொழில்நோய், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் மனு செய்ய வேண்டிய விஷயம், வழியும் தடுப்பூசி வழியைவிடச் சுலபம்.

ரத்தம் உறைய உதவும் தட்டணு குறையும் நோய்களில் குழப்பம் இன்னும் அதிகம். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசிக்குப் பின், மிக அரிதாக, ஏறக்குறைய 30,000 முதல் 40,000 ஊசிக்கு ஒன்று என்ற அளவில், எதிர்ப்பு சக்தி தன் தட்டணுக்களையே அழிப்பதுண்டு. பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் வரும், பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானே சரியாகிவிடும். ஆனால் நம் ஊரில் தட்டணு குறைந்தால் முதலில் டெங்கி, அடுத்து எலிக்காய்ச்சல். டெங்கிக்கு என்எஸ்1 சோதனை காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால்தான் நம்பிக்கையாகக் காட்டும், அதற்குப் பிறகு ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருளைப் பார்க்க வேண்டும். இரண்டும் எடுக்காத குழந்தையின் கோப்பை வைத்துக்கொண்டு ஊசிதான் காரணம் என்று வாதாடுவது வீண்.

அஸ்ட்ராஜெனெகா ஊசி 2021 மே மாதம் தனி மையங்களில் விருப்பப்பட்டவர்களுக்குக் கொடுக்கப்பட்டது நினைவிருக்கும். அதன் பின் வரக்கூடிய மிக அரிதான ரத்தக்கட்டு நோய் வேறு ரகம். தட்டணு குறையும், அதே நேரத்தில் மூளையிலோ வயிற்றிலோ ரத்தம் கட்டும். பொதுவாக ஊசி போட்ட 5 முதல் 30 நாளுக்குள். இதற்கு மட்டும் கைரேகை போல ஓர் அடையாளம் உண்டு, பிஎஃப்4 என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்புப் பொருள். எலிசா என்ற ஆய்வுக்கூட முறையில் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தால் வரும் பிரச்சினைக்காக ஆஸ்பத்திரிகளில் வைத்திருக்கும் துரிதச் சோதனை இதைப் பல நேரம் தவறவிடும். துரிதச் சோதனையில் "இல்லை" என்று வந்த சீட்டை வைத்து மனுவைத் தள்ளியிருந்தால், எலிசா எடுத்தீர்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கில்லன்-பாரேக்கு இப்படி ஒரு கைரேகை கிடையாது. அதனால்தான் அங்கே இத்தனை சுற்றுவழி.

மருத்துவ அறிக்கை வாங்கும்போது ஒரு வாக்கியத்தைக் கவனியுங்கள். "தடுப்பூசிக்குப் பிறகு பலவீனம் என நோயாளி கூறுகிறார்" என்று எழுதியிருந்தால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. நோயாளி சொன்னதைத்தான் டாக்டர் எழுதியிருக்கிறார், தம் கருத்தை எழுதவில்லை. அறிக்கையில் இருக்க வேண்டியவை இவை: ஊசியின் பெயர், தொகுப்பு எண், எந்தக் கை, எத்தனையாவது ஊசி, போட்ட தேதி, முதல் அறிகுறி தொடங்கிய தேதி, நோய் எந்தச் சோதனையால் உறுதியானது, எந்தெந்த மாற்றுக் காரணங்கள் பார்க்கப்பட்டு விலக்கப்பட்டன, கடைசியாக, இவற்றை வைத்து நிபுணரின் கருத்து என்ன, "சாத்தியம் அதிகம்" என்றா "சொல்ல முடியவில்லை" என்றா. அறிக்கைக்கு மனு கொடுக்கும்போதே இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி இணைத்துவிட்டால் பெரும்பாலான டாக்டர்கள் பதில் எழுதுவார்கள். வார்டில் நிற்கிற இளம் டாக்டரிடம் வாய்ச்சொல்லாகக் கேட்டால் வராது.

முதல் அறிகுறித் தேதி என்பது ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதி இல்லை. செருப்பு காலில் நிற்காமல் நழுவியது, பால் வாளியைத் தூக்க முடியாமல் வைத்தது, அதுதான் தொடக்கம். சேர்ந்த தேதியை எழுதிவிட்டால் கால வரம்பு தவறிப்போகலாம். ஊசி போட்ட மறுநாளே தொடங்கிற்று என்று மிகைப்படுத்தினாலும் கெடுதல்தான். எதிர்ப்பு சக்தி தப்பான இலக்கை அடையாளம் கண்டு படை திரட்டச் சில நாளாவது வேண்டும், ஒரே நாளில் வந்தால் நோய் முன்பே தொடங்கியிருக்கிறது என்றுதான் குழு முடிவு செய்யும். அமெரிக்காவின் இழப்பீட்டு அட்டவணையில் ஃபுளூ ஊசிக்குப் பின் வரும் கில்லன்-பாரேக்கு 3 நாள் முதல் 42 நாள் வரை என்றும், தட்டம்மை ஊசிக்குப் பின் தட்டணு குறைவதற்கு 7 முதல் 30 நாள் வரை என்றும் கீழ் வரம்பு போட்டிருப்பது இதனால்தான்.

தொகுப்பு எண் கோவிட் ஊசிக்கு மைசெஜாத்ரா கைப்பேசிச் செயலியின் சான்றிதழிலேயே இருக்கும், படம் எடுத்து வையுங்கள். குழந்தைகளுக்குச் சுகாதாரப் பதிவுப் புத்தகம். லயத்தைக் காலி செய்து தாமானுக்குக் குடிபோகும்போது முதலில் தொலைவது அந்தப் புத்தகம்தான். அடையாள அட்டையான ஐசியில் உள்ள பெயரும் ஊசிப் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்றும் பாருங்கள். நம் பெயர்களை ஒவ்வொரு கவுன்டரிலும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள், பிறகு அது உங்கள் பதிவே இல்லை என்பார்கள்.

பக்கவிளைவைப் பதிவு செய்வது டாக்டரின் வேலை மட்டும் இல்லை. தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்துக்குப் பொதுமக்களே எழுதலாம், அதற்குக் கான்செர்ஃப் என்ற பாரம் இருக்கிறது. டாக்டரும் தம் பங்குக்கு அனுப்பினாரா என்று கேட்டு, அனுப்பிய எண்ணை வாங்குங்கள். அந்தப் பதிவு இழப்பீட்டு மனு ஆகாது, ஆனால் பதிவே இல்லாத சம்பவத்தை இரண்டு வருடம் கழித்து நிரூபிப்பது பெரும் பாடு.

கோவிட் தடுப்பூசிக்காக நம் அரசாங்கம் 2021-ல் சிறப்பு நிதியுதவி அறிவித்தது. கடுமையான பாதிப்பால் நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கு 50,000 வெள்ளி, நிரந்தர ஊனம் அல்லது மரணத்துக்கு 5 லட்சம் வெள்ளி. தேசியப் பேரிடர் நிர்வாக அமைப்பான நட்மா பொறுப்பு. அதன் இன்றைய நிலையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் நட்மாவுக்கு எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவது நல்லது. இரு தொகைக்கும் இடையே உள்ள பெரிய பள்ளத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் படுத்து, எழுந்து, கைத்தடியோடு நடக்கிற பால்மரம் வெட்டுபவர் நிரந்தர ஊனமா இல்லையா? மரம் வெட்ட விடியலில் சரிவில் நடக்க வேண்டும், அவரால் முடியாது. ஆபீஸ் நாற்காலியில் உட்காருபவருக்கு அதே கால் போதும். ஊனத்தைத் தொழிலோடு சேர்த்து அளக்காத எந்தத் திட்டமும் தோட்டத் தொழிலாளிக்கு அநியாயம்தான். பிரிட்டனில் 60 விழுக்காடு ஊனம் இருந்தால்தான் 1,20,000 பவுண்டு, 59 இருந்தால் ஒன்றுமில்லை. அந்த மாதிரியை நாம் காப்பி அடிக்க வேண்டாம்.

அமெரிக்கா இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 1986-ல் சட்டம் போட்டு, ஒவ்வொரு ஊசியிலும் ஒவ்வொரு நோய்க்கும் 75 அமெரிக்க சென்ட் வரி வசூலித்து நிதி சேர்க்கிறார்கள். அட்டவணையில் உள்ள நோய் அட்டவணையில் உள்ள நாளுக்குள் வந்தால், ஊசிதான் காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள், வேறு காரணம் என்று காட்டும் பாரம் அரசாங்கத்தின் தலையில். அட்டவணையில் இல்லாத நோய்க்கு 2005-ல் ஆல்தன் வழக்கில் மூன்று படி வகுத்தார்கள்: இந்த ஊசி இந்த நோயைத் தர முடியும் என்ற மருத்துவ விளக்கம், இந்த ஆளுக்குள் அது நடந்ததற்கான தர்க்கமான வரிசை, பொருந்துகிற கால இடைவெளி. அச்சில் வந்த ஆராய்ச்சிக் கட்டுரை கட்டாயம் என்று கேட்கக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. 2017-ல் ஐரோப்பிய நீதிமன்றமும் ஹெப்படைட்டிஸ் பி ஊசியால் நரம்பு நோய் வந்ததாகப் போட்ட வழக்கில் ஏறக்குறைய இதே திசையில் பேசியது. அறிவியலில் ஒருமித்த முடிவு இல்லாவிட்டாலும் வலுவான, குறிப்பான, ஒன்றுக்கொன்று பொருந்துகிற சான்றுகள் இருந்தால் நாட்டு நீதிமன்றங்கள் அதை ஏற்கலாம் என்றது. அந்த ஊசிக்கும் நரம்பு நோய்க்கும் தொடர்பு இருப்பதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விஞ்ஞானி கேட்கும் நிரூபணம் வேறு, நியாயம் கேட்கும் நிரூபணம் வேறு என்பதை நீதிமன்றங்கள் ஒத்துக்கொள்கின்றன.

நம் நாட்டிலும் அப்படி ஓர் அட்டவணை வேண்டும், கோவிட் ஊசிக்கு மட்டும் இல்லாமல் பள்ளியில் போடும் ஊசி முதல் முதியவர்களுக்குப் போடும் ஃபுளூ ஊசி வரை. நான்கைந்து அரிய நோய்கள், ஒவ்வொன்றுக்கும் நாள் வரம்பு, எடுக்க வேண்டிய சோதனைகள். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். மாவட்ட ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுச் சுவரில் அதை ஒட்டிவைத்தால், முதல் பாட்டில் ஏறும் முன் அந்த ஒரு குழாய் ரத்தத்தை யாராவது எடுப்பார்கள்.

அதுவரை இரண்டு விஷயம். மனு தள்ளுபடி ஆனால், உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் எந்த எழுத்து கொடுத்தார்கள் என்று எழுதிக் கேளுங்கள். 'ஏ' என்றால் ஊசியோடு பொருந்துகிறது. 'பி' என்றால் முடிவு சொல்லச் சான்று போதாது. 'சி' என்றால் வேறு காரணம். 'டி' என்றால் தகவல் போதவில்லை, அதாவது எந்தச் சீட்டு குறைகிறது என்று கேட்டு வாங்கிக் கொடுத்தால் மறுபடி பார்க்க வழி உண்டு. 'சி'யையும் 'டி'யையும் ஒரே கடித வாசகத்தில் "தொடர்பு நிரூபிக்கப்படவில்லை" என்று அடைத்துவிட்டால் குடும்பத்துக்கு வித்தியாசம் தெரியாது. கோர்ட்டுக்குப் போகிறவர்கள் கவனக்குறைவை வேறு காட்ட வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி மீது என்றால் 36 மாதத்துக்குள், தனியார் மீது என்றால் பொதுவாக ஆறு வருடத்துக்குள் வழக்குப் பதிய வேண்டும். நட்மா பதில் வரட்டும் என்று காத்திருந்தாலும் அந்தக் கெடு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, சொக்சோவின் இயலாமை ஓய்வூதியம். இதற்கு நோய் எதனால் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. 60 வயதுக்குட்பட்டவர், முன்பு சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலை, மனுவுக்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதச் சந்தா. சந்தா இதற்குக் குறைந்தாலும் வேறு கணக்கில் குறைந்த தொகைக்கு வழி உண்டு. தடுப்பூசிதான் காரணம் என்று நிரூபிக்கும் போராட்டத்தில் இருக்கிற பல குடும்பங்கள், காரணத்தை நிரூபிக்க வேண்டாத இந்த மனுவைப் போடாமலேயே மாதங்களைக் கழிக்கின்றன. இரண்டையும் ஒரே வாரத்தில் போடலாம், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. கொடுக்கிற ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் வைத்து, அதன் மேல் பெற்றுக்கொண்டதைக் காட்டும் 'தெரிமா' சாப் குத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.